மண்டபத்தில் எடுத்த வீடியோ

எங்கள் பக்கத்தில் மறியல் செய்கிறவர்களைப் பிடித்தால் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அத்தனை பேரை வைக்க அங்கே இடம் இருக்காது. பக்கத்தில் எந்தக் கல்யாண மண்டபம் காலியாக இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். மதியம் சாப்பாடு போடுவார்கள். சாயங்காலம் விட்டுவிடுவார்கள். ஓசூருக்கு வந்த இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மண்டபத்து வாசலில் போலீஸ் வேன் நின்றால், "இன்னிக்கு யாரு கல்யாணம்?" என்று எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒருவராவது கேட்பார். மற்றவர்கள் சிரிப்போம். அதனால் என் மகள் போன் செய்து, "அப்பா, எங்களை மண்டபத்துல வெச்சிருக்காங்க" என்று சொன்னபோது பயம் வந்தாலும் கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. மண்டபம்தானே என்று நினைத்தேன்.

நான் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். சொந்த ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். எங்களுக்கு ஒரே மகள். பி.எஸ்சி. முடித்ததும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்டர் மூலமாக வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் கம்பெனியின் பஸ்கள் பெண்களைச் சாலையின் எதிர்ப்பக்கத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். சுற்றிக்கொண்டு கேட் வரை வந்தால் நேரமாகிறது என்று டிரைவர்கள் சொல்வார்களாம். இருட்டு பிரியாத நேரத்தில் லாரிகளுக்கு நடுவே ஓடித்தான் கடக்க வேண்டும். அப்படிக் கடந்தபோது என் மகளோடு ஒரே லைனில் வேலை செய்த பெண்ணை லாரி அடித்துவிட்டது. உயிர் பிழைத்தாள். இனி நடப்பாளா என்று தெரியவில்லை. மறுநாள் இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் வெளியே வந்த பெண்கள் பஸ் ஏறாமல் சர்வீஸ் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் கேட் வரை வர வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

போன் வந்ததும் பர்மிஷன் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மண்டபத்து வாசலில் எனக்கு முன்பே சில பெற்றோர்கள் நின்றிருந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் ஹாஸ்டல் பெண்கள், வெளிமாவட்டத்துக்காரர்கள், அவர்களுக்காக வந்து நிற்க இங்கே யாரும் கிடையாது. முந்தின நாள் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரங்கள் அவிழ்க்கப்படாமல் வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தன. வாசலில் காவலுக்கு இருந்த வயதான ஏட்டு எங்களிடம் மரியாதையாகத்தான் பேசினார். "சாப்பாடெல்லாம் நல்லாவே போட்டிருக்கோம் சார். மொய்தான் வாங்கல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் உள்ளே இருக்கிறவளுக்கு நல்லது என்பது போல இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு விட்டார்கள். மகள் கூட்டத்தோடு வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வீட்டில் அவள் அம்மா முதலில் கை கால்களைத்தான் பார்த்தாள். மேல்கையில் விரல்கள் அழுந்திய தடம் சிவப்பாக இருந்தது. பெண் போலீஸ்கள் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கியபோது பட்டதாம். அடித்தார்களா என்று கேட்டோம். இல்லை, தரையில்தான் லத்தியால் அடித்தார்கள் என்றாள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. குளித்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். நானும் தூங்கினேன்.

வேலைக்குத் திரும்பிப் போனபோது கான்ட்ராக்டரின் ஆள் கேட்டிலேயே நிறுத்தி, சொல்லியனுப்புகிறோம் என்றார். சொல்லியனுப்பவில்லை. கொஞ்ச நாள் கழித்து அங்கேயே வேலையில் இருக்கும் தோழி ஒருத்தி போனில் சொன்னாள், இப்போது பஸ் கேட் வரை போகிறதாம். மகள், "நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். சந்தோஷப்பட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகம் எனக்குத் தெரிகிற மாதிரி இல்லை.

முகம் தெரியவில்லை என்பதை நான் நிஜமாகவே சொல்கிறேன். ஓசூரில் பெண்கள் வெளியே போகும்போது துப்பட்டாவைத் தலை, மூக்கு, வாய் எல்லாம் மறையச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். கண் மட்டும் தெரியும். கிரானைட் தூசி, லாரித் தூசி. என் மகளும் எப்போதும் அப்படிப் போகிறவள்தான். அதனால் அவள் கடைக்குள் போன பிறகும் அதை அவிழ்க்கவில்லை என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. பஸ்ஸில் அவிழ்க்கவில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா ஒருநாள் என் மனைவியிடம், பாப்பாவுக்கு மூஞ்சியில் ஏதாவது அலர்ஜியா என்று கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அதே நாட்களில் அவள் மளிகைக் கடைக்குப் போகும் வழியையும் மாற்றியிருந்தாள். நேராகப் போனால் இரண்டு நிமிடம். அவள் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். நேர்வழியில் இருக்கும் செல்போன் கடையில் சிசிடிவி வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று அவள் போனைக் கேட்டு வாங்கினேன். முன்பக்கக் கேமராவின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. மெரூன் நிறம், அவள் அம்மா வைக்கிற சின்னப் பொட்டு. நெற்றியிலிருந்து தவறி ஒட்டிக்கொண்டது என்று நினைத்து நகத்தால் எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்கப்பா" என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் கை நீட்டிப் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் சொன்னாள். மண்டபத்துக்குள் என்ன நடந்தது என்று அதுவரை நாங்கள் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

மேடையைப் பார்த்து வரிசையாக நாற்காலிகளில் உட்காரவைத்திருந்தார்களாம். மேடையில் தெர்மக்கோலில் வெட்டிய மாப்பிள்ளை பெண் பெயர்கள், வாடிய பூ அலங்காரம் எல்லாம் அப்படியே இருந்திருக்கிறது. முதலில் பெண்கள் தங்களுக்குள் கேலி பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வீடியோக்காரர் ஒருவர் வந்தார். போலீஸ்காரர் இல்லை, ஊரில் கல்யாணங்களுக்கு எடுக்கிறவர். கூப்பிட்டு வைத்திருந்தார்கள். தலைக்கு மேலே பெரிய விளக்கோடு வரிசை வரிசையாக வந்தார். ஒவ்வொருத்தியாக எழுந்து நின்று தன் பெயர், அப்பா பெயர், தெரு, ஊர், கம்பெனி எல்லாம் கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கல்யாணத்தில் எடுத்த பழக்கத்தில் அந்த ஆள், "வெட்கப்படாம சொல்லும்மா" என்று சொல்லியிருக்கிறார். கன்னடத்தில் பதில் சொன்ன பெண்ணிடம் கன்னடத்திலேயே பேசினாராம். ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் போலீஸ், "சிரி. நாளைக்கு இதைப் போட்டுக் காட்டுவாங்க, அப்பவும் சிரி" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. என் மகளின் முறை வந்தபோது குரல் எழும்பவில்லை. சத்தமாகச் சொல் என்றார்கள். சொன்னாள். கேட்கவில்லை, மறுபடி முதலிலிருந்து சொல் என்றார்கள். அவர்களுக்குத் திருப்தியாகும் வரை சொன்னாள். முடித்து உட்காரப் போனபோது அதே பெண் போலீஸ் குனிந்து, கோபமே இல்லாமல், விவரம் தெரியாதவளுக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி, "இனிமே நீ எங்க போனாலும் உன் மூஞ்சி எங்ககிட்ட இருக்குது, பாத்துக்க" என்றாளாம்.

"அவ்வளவுதாம்பா" என்று முடித்தாள் மகள்.

நான், அதெல்லாம் சும்மா பயமுறுத்துவது என்றேன். எல்லா மறியலிலும் வீடியோ எடுப்பார்கள் என்றேன். நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அந்த வீடியோ இப்ப எங்கப்பா இருக்கும்?" என்று கேட்டாள்.

அதைத் தெரிந்துகொண்டு வரலாம் என்று ஒருநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். வழக்கு ஏதாவது போட்டிருக்கிறார்களா, போட்டிருந்தால் யார் யார் பெயர், மற்றவர்களின் வீடியோவை அழித்துவிடுவார்களா என்று கேட்க நினைத்திருந்தேன். வெளியே டீக்கடையில் நின்று கேள்விகளை ஒழுங்குபடுத்திக்கொண்டுதான் போனேன். உள்ளே இருந்த ரைட்டர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். வீடியோ பற்றிக் கேட்டதும், "அது பாட்டுக்கு எங்கியாவது கிடக்கும் சார். யாரு உக்காந்து பாக்கறாங்க" என்றார். யாரும் பார்க்காததை எதற்காக எடுக்கிறீர்கள் என்று கேட்க நாக்கு வரை வந்தது. அதற்குள் அவர் பேனாவை எடுத்து, "உங்க பொண்ணு பேரு என்னா?" என்றார். உதவி செய்யத்தான் கேட்டிருப்பார். என் பெண் இல்லை, தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வண்டியைக் கிளப்பும்போது ஸ்டேஷன் வாசலிலும் ஒரு கேமரா இருப்பதைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். ஏன் குனிந்தேன் என்று வீடு வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

டாக்டரிடம் காட்டினோம். தூங்க மாத்திரை கொடுத்து, வேலைக்கு ஏதாவது அனுப்புங்கள், நாலு பேரோடு பழகினால் சரியாகிவிடும் என்றார். கிருஷ்ணகிரி போகும் வழியில் இருக்கும் ஒரு கம்பெனியில் எனக்குத் தெரிந்தவர் மூலமாகக் கேட்டேன். டிரெய்னியாக எடுத்துக்கொள்கிறோம், கான்ட்ராக்ட் இல்லை, நேராகக் கம்பெனி ஆள் என்றார்கள். மகளுக்கு அந்த வேலை வேண்டும். அவளே சொன்னாள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பது அவளுக்கும் பிடிக்கவில்லை. ஒரே ஒரு விஷயம்தான். இப்போது எல்லாக் கம்பெனியிலும் இருப்பதுபோல அங்கேயும் கேட்டில் முகம் பார்க்கும் மெஷின். சேருகிற நாளில் மெஷின் முன்னால் நின்று முகத்தைப் பதிய வேண்டும். அதன் பிறகு தினமும் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அதற்கு முகம் காட்ட வேண்டும். "பாத்துக்கறேம்பா" என்றாள்.

சேரும் நாளுக்கு முன்னால் என் தங்கை மகளின் கல்யாணம் வந்தது. ஊத்தங்கரையில், ஒரு பெரிய மண்டபத்தில். மகளை அழைத்துப் போவதா வேண்டாமா என்று நானும் மனைவியும் பேசிப் பேசி ஓய்ந்தோம். அத்தை மகளும் இவளும் ஒன்றாக விளையாடி வளர்ந்தவர்கள். நான் வருகிறேன் என்று அவளே சொன்னபோது எங்களுக்கு உயிர் வந்தது. மண்டபத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் மெஷின் முன்னால் ஒரு நிமிடம் நிற்பது பெரிதா என்று மனைவி சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

காலை முகூர்த்தம். பட்டுப் பாவாடை தாவணியில், துப்பட்டா இல்லாமல் வந்தாள். நல்லதாக ஒரு தூண் பார்த்து அதன் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டாள். நான் தாய்மாமன். எனக்கு மேடையில் வேலை இருந்தது. மாலை போட்டு, பரிவட்டம் கட்டி, மணப்பெண்ணின் பக்கத்தில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். மனைவி பின்னறையில் சீர்த்தட்டுகளோடு இருந்தாள்.

இப்போது கல்யாணங்களில் மண்டபத்துக்குள் பெரிய எல்.இ.டி. திரை வைக்கிறார்கள். வீடியோக்காரர் எடுப்பது அப்போதைக்கப்போதே அதில் ஓடும். எனக்கு எதிரிலேயே அந்தத் திரை இருந்தது. அதுவரை அதில் என் முகமும் ஐயரின் கையும்தான் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. சடங்குக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் வீடியோக்காரர் கேமராவோடு கீழே இறங்கினார். கூட ஒருவர் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். முதல் வரிசையில் ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவர் முகமாக, மெதுவாக.

மடியில் தேங்காய் பழத் தட்டு. வலது கையில் தர்ப்பை. எழுந்திருக்கக்கூடாது. தங்கையின் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் நின்றிருந்தார். அவரைக் கண்ணால் கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். பரிவட்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார் போல. திரையில் பெரியப்பா வந்தார், பல் இல்லாத வாயால் சிரித்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள், கூந்தலைச் சரிசெய்தார்கள். தூக்கத்தில் இருந்த ஒரு குழந்தை வந்தது. விளக்கு இரண்டாவது வரிசைக்குப் போனது. மூன்றாவது வரிசைக்குப் போனது. தூண் மறைக்கும் என்று நினைத்தேன். வீடியோக்காரர் தூணைச் சுற்றிக்கொண்டு போனார்.

திரையில் என் மகள் வந்தாள். சுவர் அளவுக்கு முகம்.

அவள் முகத்தைத் திருப்பவில்லை. கையால் மறைக்கவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டாள். நேராகப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன.

மேளம் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் சத்தம் வராது. மேடையில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது. அவள் பெயர். என் பெயர். எங்கள் தெரு. ஊர். கம்பெனி. அவள் இப்போது வேலை பார்க்காத கம்பெனி. முடித்ததும் கொஞ்சம் காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை வாயை நன்றாகத் திறந்து. யாரோ சத்தமாகச் சொல்லச் சொன்னதுபோல.

என் பக்கத்தில் நின்ற மாமனார் முறைக்காரர் ஒருவர், "உங்க பொண்ணு பாருங்க, எந்திரிச்சு நின்னு வாழ்த்து சொல்லுது" என்றார். மேடையில் இருந்தவர்கள் திரும்பித் திரையைப் பார்த்தார்கள். மணப்பெண் அதைப் பார்த்துக் கையசைத்தாள். வீடியோக்காரருக்கும் பிடித்துப்போய்விட்டது. நகராமல் அங்கேயே நின்று எடுத்துக்கொண்டிருந்தார். ஐயர் என்னிடம், "மாமா, இங்க கவனிங்க" என்றார். நான் கவனித்தேன். அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று தெரியாது. மறுபடி நிமிர்ந்து பார்த்தபோது திரையில் வேறு யாரோ இருந்தார்கள்.

முகூர்த்தத்தின்போது அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த என் ஒன்றுவிட்ட அக்கா சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் தம்பி, பாப்பா கேமராக்காரன்கிட்ட உன் பேரு, தெருப் பேரு எல்லாம் ஒப்பிச்சுதே. ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்க வந்திருக்காங்கன்னு நெனச்சிக்கிச்சா?" என்றாள். இலையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் சாப்பிடவில்லை.

திரும்பும்போது ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரி பஸ்ஸில் எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மத்தூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் எழுந்து நின்னேனாப்பா?"

"ஆமாம்மா."

"சத்தமா சொன்னேனா?"

"இல்ல. பக்கத்துல இருந்த அத்தைக்கு மட்டும்தான் கேட்டுச்சு."

"அந்த ஆளு சத்தமா சொல்லச் சொன்னாரில்ல?"

"அவரு ஒண்ணுமே சொல்லலம்மா. சும்மா படம் எடுத்தாரு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குக் கேட்டுச்சுப்பா" என்றாள்.

மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கைக்குப் போன் செய்து வீடியோவில் அந்த இடத்தை வெட்டச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஏன் என்று கேட்பாள். சொன்னால் மாப்பிள்ளை வீடு வரைக்கும் போகும். செய்யவில்லை. அந்த ஆல்பம், அந்த வீடியோ இரண்டும் இப்போது தங்கை வீட்டில் இருக்கின்றன. வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறாள்.

கம்பெனியில் சேர வேண்டிய புதன்கிழமை நானே வண்டியில் கூட்டிப்போனேன். செக்யூரிட்டி அறைக்குள் மெஷின் வைத்திருந்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்க்க முடிந்தது. அவளோடு சேர வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். நின்றதும் மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது, அடுத்த ஆள். என் மகள் துப்பட்டாவை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றாள். விளக்கு எரியவில்லை. ஹெச்.ஆரில் இருந்து வந்திருந்த பெண் அவள் தோளைத் தொட்டுக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார். எரியவில்லை. எனக்கு முதுகுதான் தெரிந்தது. ஆனால் அவளுடைய கைகள் பக்கவாட்டில் ஒட்டியிருந்தன. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

கதவு திறந்திருந்ததால் அந்த அம்மா சொல்வது வெளியே கேட்டது. "மேடம், பேசாம நில்லுங்க. வாய் அசைஞ்சா எடுக்காது." கொஞ்சம் கழித்து, "யாருகிட்ட பேசறீங்க?" என்றார். அதட்டலாக இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

பின்னால் நின்றவர்கள் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. அவளை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, மற்றவர்களை முடித்துவிட்டு மறுபடி முயன்றார்கள். கடைசியில் அந்த அம்மா அவளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மெஷின் எடுக்க மாட்டேன் என்கிறது, ரெண்டு நாள் கழித்துக் கூட்டி வாருங்கள், வெள்ளிக்கிழமையோடு இந்த பேட்சை மூடிவிடுவோம் என்றார். கார்டு, கையெழுத்து என்று வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாருக்கும் இதுதான் சார். எனக்கும் இதுதான்" என்றார். அவருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள் இருக்கும் வயது. மகளின் கன்னத்தைத் தட்டி, நல்லா சாப்பிட்டுத் தூங்கு என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் தன் போனில் இருந்த பொட்டை எடுத்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "நீங்க எடுங்கப்பா. பழகிட்டா வந்துடும்" என்றாள்.

சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். நான் எதிரில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்தேன். படம் எடுக்கும்போது ஏதாவது சொல்வோம் அல்லவா? இங்கே பார், நேராகப் பார், முகத்தைக் காட்டு, வெட்கப்படாதே. ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் மண்டபத்தில் அவர்கள் சொல்லிவிட்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு போனைப் பிடித்திருந்தேன். அவள் காத்திருந்தாள். யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்கிற முகம். பிறகு உதடுகள் தாமாக அசைய ஆரம்பித்தன. வீட்டுக்குள் என்பதால் குரல் கேட்டது. சின்னக் குரல். தன் பெயரைச் சொன்னாள். என் பெயரைச் சொன்னாள். என் முகத்துக்கு நேராக, யாரோ ஒருவரின் பெயரைப் போல.

வியாழக்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு, கிளம்புகிறேன் என்று உடை மாற்றிக்கொண்டு வந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தவள், "இன்னிக்கு வேணாம்பா" என்றாள். நான் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினேன். பத்து மணிக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. தெருவுக்குப் போய் நின்று பேசினேன். காய்ச்சல் என்றேன். அந்த இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தவர் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்த பேட்ச் எப்போது என்று அவருக்கும் தெரியாது.

ஆனால் படம் எடுப்பதை நாங்கள் விடவில்லை. நான் வேலையிலிருந்து வந்து டீ குடித்ததும் அவளே போனைக் கொண்டுவந்து கொடுப்பாள். சில நாள் தெரு வரை சொல்கிறாள். சில நாள் கம்பெனி வரை போய் மறுபடி ஆரம்பிக்கிறாள். அப்படியான நாட்களில் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். நான் எங்கள் கம்பெனியில் காலையில் மெஷினுக்கு முகம் காட்டும்போது என் வாயும் அசைகிறதோ என்று இப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

நேற்று அவள் தன் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். என் பெயர் வரவில்லை. உதடு மூடியிருந்தது. போனுக்கு மேலாக என்னைப் பார்த்தாள், இது சரியா என்று கேட்பதுபோல. சரி என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் எதைச் சொன்னாலும் அது இன்னொரு உத்தரவாகிவிடுமோ என்று பயம். ஒன்றும் சொல்லாமல் பட்டனை அழுத்தினேன்.

படத்தை இருவரும் பார்த்தோம். நல்ல படம்தான். பல மாதங்களுக்குப் பிறகு வாய் அசையாத அவள் முகம் படத்தில் இருந்தது. ஆனால் கண்கள் கேமராவில் இல்லை, அதற்கு மேலே என்னிடம் இருந்தன. மெஷின் இதை எடுக்காது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அழிச்சிடுங்கப்பா" என்றாள். வைத்துக்கொள்கிறேனே என்று கேட்க நினைத்தேன். அழித்தேன்.

"போயிடுச்சா?"

காட்டினேன். அவள் போனை வாங்கிக்கொண்டாள். அழித்த படங்கள் போய்க் கிடக்கும் இடம் ஒன்று போனுக்குள் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அதைத் திறந்து, தன் முகத்தைத் தேடி, அங்கிருந்தும் அழித்தாள். பிறகு போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.